சிக்னல் புளித்த வீடு

குன்றின் சரிவில், ஒரு காலைத் தூக்கியபடி, நான் மறுபடியும் உறைந்து நின்றேன். செல்போன் திரையில் எதிரிகள் சாவகாசமாக வந்து என்னைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவன் என் முகத்துக்கு நேரே நின்று இடுப்பை ஆட்டி நடனமாடினான். பிறகுதான் சுட்டார்கள்.

ஹெட்போனில், பாலக்காட்டிலிருந்து அஜ்மல் பெருமூச்சு விட்டான். அவனுக்கு அங்கே பலசரக்குக் கடை. இந்தத் துப்பாக்கி ஆட்டத்தில் எங்கள் மூவர் குழுவுக்கு அவன்தான் தலைவன். அவன் மனைவி ரஜீனா இரண்டாவது ஆள், நான் மூன்றாவது.

“ஏனுங்கண்ணா, நீங்க சாவறதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. செலையாட்ட நின்னு சாவறீங்க பாருங்க, அதுதான் பாக்க முடியலீங்க.”

“நெட்டு விட்டு விட்டு வருது தம்பி. வெளிய ஒரே மஞ்சு மூட்டம்.”

“போன வாரம் மரம்னீங்க. அதுக்கு முந்தி கொரங்குன்னீங்க. சாயங்காலம் ஃபைனலுங்க. இன்னொருக்கா நின்னீங்கன்னா ரஜீனா தம்பியச் சேத்துக்குவேனுங்க. கோவிச்சுக்காதீங்க.”

கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மூணாறு பக்கம் சித்திரபுரத்தில் கரண்ட் ஆபீஸ் ஓவர்சியராக இருந்தவரை இந்த மலையே என்னைக் கூப்பிட்டது. ஒரு பல்பு அணைந்தால் எஸ்டேட் மேனேஜர்கள் வரிசையில் நின்று அழுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற மறுநாள் போன் ஊமையாகிவிட்டது. “அண்ணா, ஓடியாங்க, காப்பாத்துங்க” என்று இந்த இன்னாசிராஜைக் கூப்பிட இப்போது பூமியில் இந்த இரண்டு பேர்தான் பாக்கி.

நெட் கம்பெனிக்காரனைத் திட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்தேன். ஹாலில் ஏசுநாதர் படத்துக்குக் கீழே அலமாரித் தட்டில் ரவுட்டர் இருக்கிறது. அதன்மேல் என் மனைவி ஞானஜோதி ஒரு லேஸ் துணி போர்த்தியிருந்தாள். தூசிக்காக என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் போகப் போக, சில வாரங்களாக ஹாலில் சுற்றும் நாற்றம் மூக்கில் அறைந்தது. செத்த எலி என்று சோபாவைக் கவிழ்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கருவாட்டோடு சண்டைக்குப் போயிருக்கிறேன். மூணாறு யானைகளே தும்பிக்கையை முடிச்சுப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கும்.

துணியைத் தூக்கினேன். ரவுட்டரின் தலையில் ஒரு எவர்சில்வர் குண்டான். குண்டான் நிறைய, கள்ளு விட்ட ஆப்பமாவு. மூடியை மீறி வழிந்து, காய்ந்து, அதன்மேல் மறுபடி வழிந்து, ரவுட்டரின் காற்றுத் துளைகளெல்லாம் சீழ் பிடித்த காதுகளைப் போல அடைத்துக் கிடந்தன.

குண்டானை இறக்கிவிட்டு, ஒயரைப் பிடுங்கி, ஸ்க்ரூவைக் கழற்றினேன். ஐயோ. உள்ளே மஞ்சள் பொருக்கு, அதன்மேல் பச்சை ரோமம், அடியில் நூல் நூலாக இழுபடும் கொழகொழப்பு. அந்தக் கதகதப்பில் கரப்பான்கள் தாத்தா பேரனோடு குடியிருந்தன. ஒன்று மாவில் பாதி முங்கி, மீசையை மட்டும் ஆட்டியது.

“அத எதுக்கு எறக்குதீங்க? மாவு அடங்கிரும்!” என்று ஞானஜோதி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

“ஏட்டி, இதுக்கு மேலயா மாவு வைப்பாங்க?”

“ராப்பகலா சூடாத்தான கெடக்கு, சும்மா. இந்தக் குளுருல பின்ன எங்க வைக்க? உங்க தலையிலயா?”

“இதத் தின்னவன் உருப்படுவானா?”

“போன ஞாயித்துக்கெழம எட்டு ஆப்பம் தின்னது யாரு?”

என் வயிற்றுக்குள் ஒரு மீசை ஆடியது.

கைக்குக் கிடைத்த பல் பிரஷால் உள்ளே தேய்த்தேன். யாருடைய பிரஷ் என்று நான் பார்க்கவில்லை. ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, காயவைத்து, சுவரில் உயரமாக ஆணியடித்து மாட்டினேன். சிக்னல் பொங்கி வழிந்தது. ஞானஜோதி குண்டானோடு அசையாமல் நின்றாள்.

“நாளைக்குப் பூச முடிஞ்சு ஃபாதர் ஆப்பம் சாப்பிட வாராரு. சூட்டுக்கு வழி சொல்லுங்க. இல்லன்னா நாற்காலி போட்டு ஏறி அங்கனயே வைப்பேன்.”

அவள் ஏறுவாள். “இங்க கொண்டா,” என்றேன்.

சாயங்காலம் ஃபைனல் தொடங்கியபோது கம்பளிக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன். தொடைகளுக்கு நடுவே குண்டான். திரையில் நான் பறந்தேன். அஜ்மல், “அண்ணா, நீங்கதானுங்களா இது?” என்றான். கடைசி வட்டம். அஜ்மல் செத்துப்போனான். ரஜீனா பாறைக்குப் பின்னால் அடிபட்டு ஊர்ந்தாள். “அண்ணா, ஓடியாங்க, காப்பாத்துங்க!”

ஓடினேன். அப்போது மூடி தானாக எழுந்தது. வெதுவெதுப்பாக, கனமாக, யாரோ குடித்துவிட்டுக் கக்கியதைப் போல ஒன்று தொப்புளில் இறங்கி, கைலியை நனைத்து, தொடையிடுக்கில் தேங்கியது. இரண்டு கையும் திரையில். மூக்கைப் பொத்தக்கூட ஒரு விரல் இல்லை.

வாசனை பிடித்து ஞானஜோதி வந்தாள். கம்பளியை விலக்கினாள். நான் நிமிரவில்லை.

“அசையாதீங்க,” என்றாள். “ஃபாதருக்குப் பத்தாமப் போயிரும்.”

மண்டியிட்டு, என் கைலியிலிருந்து மாவைக் கரண்டியால் வழித்துக் குண்டானில் போட்டாள். ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சுண்டி எறிந்துவிட்டு, அடுத்த கரண்டியை அள்ளினாள்.