தடைக்காலத்தில் வளர்ந்த நகம்

"கையுறை வேணும் அண்ணாச்சி. இங்க உக்காந்திருக்கிற எல்லாருக்கும்."

ஐஸ் தண்ணீருக்குள் விரல்கள் நின்றன. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே விழுந்த வெயில், இறால் ஓடுகளின் மேல் பொட்டுப் பொட்டாகக் கிடந்தது.

கேட்டால் வேலை போய்விடும், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள் அம்மா சவேரியம்மாள். கேட்டுவிட்டாள் ஜெசிந்தா. அந்த வீட்டின் முதல் பட்டதாரி. வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

இறால் உரிக்கிற கொட்டகையில் எல்லாப் பெண்களுக்கும் விரல் நுனி சிவப்பு. மருதாணிச் சிவப்பு. கல்யாணத்துக்கு இல்லை, பண்டிகைக்கு இல்லை. நகச்சுத்துக்கு.

மருந்தென்று ஒரு பாதி, மறைப்பென்று மறுபாதி. சீழ் வைத்த விரலைக் கண்டால் கொட்டகை முதலாளி தாசன் அண்ணாச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சிவந்த விரலைக் கண்டால் சிரிப்பார்.

சிறுவயதில் ஜெசிந்தா அதை அழகென்று நினைத்தாள். அம்மாவின் அந்த விரல்களைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வருஷமும் வந்தது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில். கொட்டகை பூட்டு. அம்மாவின் கை ஈரமில்லாமல் காய்ந்தது.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா களிம்பு கொடுத்தார். கை நனையக் கூடாது, அதுதான் பெரிய வைத்தியம் என்றார். ஜெசிந்தா பாத்திரம் தேய்த்தாள். துணி துவைத்தாள். அம்மாவைத் திட்டித் திட்டிக் களிம்பு தடவினாள்.

வீக்கம் வற்றியது. நகத்தின் அடியில் ஒரு கீற்று. ரோஸ் நிறம். பிறகு பாதி நகம். நுனியில் பழைய சிவப்பு, சொரசொரப்பு. அடியில் புதுசு, வழவழப்பு. அம்மா வெயிலில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

இன்று படகுகள் இறாலோடு திரும்பிவிட்டன. மறுபடி ஐஸ். அம்மா இன்னும் கையை நனைக்கவில்லை.

அண்ணாச்சி கோபப்படவில்லை. கையுறை போட்டால் வேலை ஓடாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"படிச்ச புள்ள நீ. உள்ள ஃபேனுக்குக் கீழ உக்காந்து எடை எழுது. சம்பளம் போட்டுத் தாரேன். இவளுகளுக்கு இது பழகிப் போச்சு."

"பழகலை அண்ணாச்சி. மருதாணி வச்சு மறைச்சிருக்கு. நீங்களும் தெரிஞ்சேதான் சிரிச்சீங்க."

மூலையில் ஒருத்தி தண்ணீரிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். சாயங்காலம் பேசுவோம் என்றார்.

கையுறை வந்தபிறகு வருகிறோம் என்றாள் ஜெசிந்தா. காலையில் களிம்பு தடவும்போதே எடுத்த முடிவு. விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

"ஏட்டி, நில்லு," என்று பின்னால் அம்மாவின் குரல். "செருப்பு மாட்டிக்கிடுதேன்."