கேஸ் நிற்காத கிணறு

"மறுபடியும் ஓட்டையா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள் ஜீவரத்தினம்.

சுந்தர்சிங் ஹெல்மெட்டை நெற்றிக்கு மேல் தூக்கி நிறுத்திக்கொண்டு, இப்போதுதான் போட்ட வெல்டிங்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். ஆப்பத்தில் விழுவதுபோலப் பொடிப்பொடியாக ஓட்டைகள். சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டினார். கிணற்று மூடியின் கீல் கையோடு வந்துவிட்டது. மூன்றாவது தடவை.

"போர்ட்டிகோவுல போட்டது மட்டும் அவ்ளோ நல்லா வந்துச்சே?"

"அதான் எனக்கும் புரியல."

"முடிச்சூர் ரோட்டுல ஒரு ஆளக் கூப்பிட்டா அரை மணியில ஒட்டிட்டுப் போவான்."

"நான்தான் போடுவேன் ஜீவா."

"முப்பத்தோரு வருஷம் கழிச்சு வந்த ரோஷம்" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. மாடம்பாக்கத்தில் இந்த வீட்டைக் கட்டியபோதே தோண்டிய உறைக்கிணறு இது. மகள் ஜோசலினுக்கு ஐந்து வயதிருக்கும்போது இதில்தான் விழுந்தாள். சுந்தர்சிங் பத்தடி தள்ளி நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அப்பாதுரைதான் கயிற்றைப் பிடித்து இறங்கித் தூக்கி வந்தார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தபோது குழந்தை ஒன்றே ஒன்று சொன்னது. "உள்ள காத்து வருதுப்பா. என் மூஞ்சில." கூடியிருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள், பிழைத்துவிட்ட சந்தோஷத்தில். அதன் பிறகு அது வீட்டு வேடிக்கையாகிவிட்டது. கோடையில் கரண்ட் போனால், "ஜோசி, கெணத்துல போய் உக்காரு, காத்து வரும்" என்பார் சுந்தர்சிங். அவளும் கூடச் சிரிப்பாள். எந்த வயதில் சிரிப்பதை நிறுத்தினாள் என்று அவர் கவனிக்கவில்லை.

இப்போது கோயம்புத்தூரிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு நாலு வயது மகளோடு வருகிறாள். போன வாரம் போனில் சுருக்கமாகப் பேசினாள். "கெணத்த மூடிட்டீங்களாப்பா? மூடியிருந்தா அங்க இருக்கேன். இல்லன்னா ஊரப்பாக்கத்துல ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன், அங்க போயிடுறேன். பாப்பாவ வச்சுக்கிட்டு என்னால முடியாது." சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

ரிட்டயர் ஆனதும் ஆசைக்கு வாங்கிய சின்ன மிக் வெல்டிங் மெஷின் அது. கேஸ் வைத்தும் போடலாம், கேஸ் இல்லாமலும் போடலாம். பூந்தொட்டி ஸ்டாண்டு, செருப்பு ஸ்டாண்டு என்று எல்லாமே கேஸில்தான் போட்டுப் பழகியிருந்தார். கேஸ் சூடான இரும்பைக் காற்று படாமல் மூடி நிற்கும், பற்று வழவழவென்று வரும். கிணற்று மூடியின் சட்டத்தையும் கம்பிகளையும் போர்ட்டிகோவில் வைத்து அப்படித்தான் முடித்தார். கிணற்றுச் சுவரில் பதித்த இரும்பு ஆங்கிளோடு இரண்டு கீலை மட்டும் இங்கேயே வைத்துத்தான் ஒட்டியாக வேண்டும். அந்த ஒட்டுதான் பிடிக்க மறுத்தது.

மெஷின் வாங்கிய கடையின் துரைராஜுக்குப் போன் போட்டார்.

"வெளிய வச்சுப் போட்டா காத்து கேஸ அட்ச்சிகினு பூடும் சார். அதான் ஓட்டை."

"காத்தே இல்லப்பா. கொடியில காயிற துணி கூட அசையல."

"பாட்டில் காலியா?"

"முள்ளு பாதிக்கு மேல நிக்குது."

"துரு கிரு?"

"பளபளன்னு தேச்சிருக்கேன். அதே கேஸ், அதே ஒயர், போர்ட்டிகோவுல நல்லா வந்துச்சே."

துரைராஜுக்குப் பின்னால் யாரோ கிரைண்டர் ஓட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப காத்து கீது சார். உங்களுக்குத் தெர்ல, கேஸுக்குத் தெர்து."

சுந்தர்சிங் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"கேஸ்லெஸ் ஒயர் ஒரு சுருள் தரேன், வந்து எட்துகினு போங்க. அது தனக்கு வேணும்ன்ற பொகைய தானே கொண்டாரும், காத்துக்கெல்லாம் பயப்படாது. பொறி தெறிக்கும், பாக்கவும் அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா புட்ச்சா வுடாது. பிளஸ் மைனஸ மட்டும் மாத்திக்குங்க, டார்ச் மைனஸ்ல இருக்கணும்." போனை வைக்கப் போனவன் மறுபடி கூப்பிட்டான். "சார், கெணத்துக்குள்ள தலய வுட்டு எட்டிப் பாக்காதீங்க. இதுவரைக்கும் நீங்க வுட்ட கேஸ் பூரா கீழதான் எறங்கிருக்கும். கனம் அது. உள்ள யாராவது இருந்தா மூச்சு முட்டிப் பூடும்."

உள்ளே யார் இருக்கப் போகிறார்கள்? ஆனாலும் அந்தப் பேச்சு அவரை விடவில்லை. வீட்டுக்குள் போய்ப் போன கிறிஸ்துமஸுக்கு வாங்கி மிஞ்சிய ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து வந்து கிணற்றுச் சுவரின் மேல் நிறுத்திப் பற்றவைத்தார். புழுக்கமான மதியம். சுடர் ஆடாமல் நின்றது. பிறகு அவர் பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. யாரோ சூடான கஞ்சியை ஊதி ஆற்றுவதுபோல. இல்லை, அப்படியும் இல்லை, வேண்டாததை முகத்துக்கு முன்னாலிருந்து ஊதித் தள்ளுவதுபோல.

"பட்டப்பகல்ல மெழுகுவத்தி எதுக்குங்க?"

"சும்மா" என்று அணைத்துவிட்டார்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டதும் ஆரம்பித்தார். கேஸ் பாட்டிலை இறுக மூடிக் கழற்றித் தள்ளி வைத்தார். புது ஒயரைக் கோத்து, பிளஸ் மைனஸை மாற்றி, இரண்டு தடவை சரிபார்த்தார். முதல் கீலை ஒட்டும்போதே சடசடவென்று பொறி தெறித்தது. கண்ணாடிக்குள் எல்லாம் இருண்டு, எரியும் ஒரு பொட்டு மட்டும் தெரிந்தது. நிறுத்திவிட்டு மேலே படிந்த கசடைத் தட்டி உதிர்த்தார். அசிங்கமான, கெட்டியான பற்று. சுத்தியலால் ஓங்கி அடித்தார். கணீரென்றது. பிடித்துவிட்டது.

அப்போதுதான் புகையைப் பார்த்தார். வெள்ளைப் புகை மேலே போகவில்லை. சுவரின் விளிம்பில் வளைந்து, நூல் இழுத்தாற்போல் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நின்றது. பிறகு மெதுவாக மேலே வந்து அவர் மார்பில் மோதிக் கலைந்தது. மறுபடி இறங்கியது. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் நடுவில் ஒரு சின்ன ஓய்வு இருந்தது. நல்ல தூக்கத்தில் இருப்பவர்களிடம் இருக்குமே, அதுபோல. தன் மூச்சும் அதோடு சேர்ந்து ஓடுவதை அறிந்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தார். என் மூஞ்சில, என்றது அன்று குழந்தை. எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாள்? பத்து நிமிஷமா? பத்து நிமிஷமும் இதன் எதிரிலா?

இரண்டாவது கீலை மூச்சைப் பிடித்துக்கொண்டே போட்டார். மூடியை இறக்கிப் பூட்டு மாட்டினார்.

"என்னங்க, மொகம் வெளுத்துப்போச்சு?" காபி டம்ளரோடு வந்தாள் ஜீவரத்தினம்.

"பொகை."

"ஒரு வழியா ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டிக்கிச்சு."

அவள் மூடியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. "பரவால்லயே, என் வீட்டுக்காரருக்கு வெல்டிங் வருது" என்று சிரித்தாள். அதற்குள் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது.

ஜோசலின் பெட்டிகளை இறக்கவில்லை. "அண்ணா, ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு, தோளில் தூங்கும் பாப்பாவோடு நேராகப் பின்பக்கம் வந்தாள். மூடிக்கு நாலடி தள்ளியே நின்றுவிட்டாள். கீல்களைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள்.

"நீங்களே போட்டீங்களாப்பா?"

"நானேதாம்மா. கேஸ் இல்லாம போட்டேன். இனிமே அது வராது... பிச்சுக்கிட்டு வராது, கீலு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் ஆட்டோ இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"பெட்டிய எறக்கச் சொல்லட்டுமா ஜோசி?" என்றாள் ஜீவரத்தினம்.

"இருங்கம்மா. அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், சிரிக்காம சொல்லுங்க. உள்ள காத்து வருதா?"

சுந்தர்சிங் வாயைத் திறந்தார். பக்கத்து வீட்டு வாதாம் மரத்திலிருந்து காய்ந்த இலை ஒன்று நேராக இறங்கி மூடியின் கம்பிகள் மேல் விழுந்தது. கொடியில் துணி அசையவில்லை. பாப்பாவின் நெற்றி முடி அசையவில்லை. மூன்று பேரும் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு விரல் உயரம் எழும்பியது, கொஞ்சம் தங்கியது, மெல்லக் கம்பியில் படிந்தது. மறுபடி எழும்பியது.