என் துப்பாக்கியில் சிவப்புப் புள்ளி

லிங்கன் நகரில் இருக்கும் என் தங்கைக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. பதினோரு நாள் அவளுக்குச் சமைத்துப் போட்டு, கைத்தாங்கலாக நடக்க வைத்துவிட்டு, புதன்கிழமை மாலை வீடு திரும்பினேன். என் கணவன் ஆர்லன் வாசலிலேயே நின்றிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. சமையலறை மேஜையில் ஒரு பெட்டி, அதன்மேல் ரிப்பன்.

"திற லவோன். சும்மா திறந்து பாரு."

திறந்தேன். உள்ளே என் கைத்துப்பாக்கி. அதன் முதுகில் தபால்தலை அளவுக்கு ஒரு கண்ணாடி நின்றுகொண்டிருந்தது.

"பின்குறி எங்க?" என்றேன்.

குழல் நுனியில் ஒரு சின்னக் குச்சி, அதுதான் முன்குறி. பின்னால் ஒரு பள்ளம், அது பின்குறி. குச்சியைப் பள்ளத்தின் நடுவில் நிறுத்தி விசையை இழுக்க வேண்டும். ஒன்பது வருடமாக நான் அப்படித்தான் சுடுகிறேன். இப்போது பள்ளத்தைக் காணோம். அது இருந்த இடத்தை இரும்போடு செதுக்கி எடுத்துவிட்டு அங்கே கண்ணாடியைத் திருகி வைத்திருந்தார்கள்.

"அது இனிமே எதுக்கு? கண்ணாடிக்குள்ள சிவப்பா ஒரு புள்ளி தெரியும் பாரு. அதை வெச்சு அமுக்கினா முடிஞ்சுது. இருட்டுல எவனாவது வீட்டுக்குள்ள வந்தான்னா நீ குச்சியைத் தேடிட்டு இருக்க வேணாம்."

ஆகஸ்டில் பக்கத்துப் பண்ணையில் திருடன் புகுந்தான். இரண்டு குதிரைச் சேணமும் ஒரு மைக்ரோவேவும் போயின. அதிலிருந்தே ஆர்லனுக்குத் தூக்கமில்லை. சரி, பயம் நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கும் பத்தே எட்டு வைத்தால் போய்விடலாம். அந்தத் தூரத்துக்குப் புள்ளி எதற்கு? வந்தவன் திருடனா, சொல்லாமல் வந்த எங்கள் மகனா என்று பார்க்க ஒரு நல்ல டார்ச் போதும். இதை நான் செப்டம்பரிலேயே சொன்னேன். தலையாட்டினான். காதில் வாங்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

கண்ணாடிக்குள் பார்த்தேன். எனக்குக் கண்ணில் சிதறல் பார்வை. எல்லோருக்கும் புள்ளியாகத் தெரிவது எனக்குத் தரையில் விழுந்து நசுங்கிய தக்காளியாகத் தெரிந்தது.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்ச?"

"வாவ்ராவைக் கேட்டேன். நம்ம துப்பாக்கி கிளப்புல அவனுக்குத் தெரியாததா? 'அவங்க வயசுக்கு, அவங்க கண்ணுக்கு, இதுதான் சரி'ன்னான்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. க்ளீட் வாவ்ரா யார் தெரியுமா? கிளப் போட்டியில், கண்ணாடி வைக்காத இரும்புக் குறிப் பிரிவில் என்னோடு முட்டிமோதுகிற ஆள். மூன்று வருடம் தொடர்ந்து பட்டம் வாங்கியவர். இந்த வருடம் ஆறு போட்டியில் ஐந்து முடிந்து, நான் பதினொரு புள்ளி முன்னால் இருந்தேன். கடைசிப் போட்டி சனிக்கிழமை. கண்ணாடி வைத்த துப்பாக்கியோடு போனால் என்னை வேறு பிரிவில் போடுவார்கள். அங்கே எத்தனை நன்றாகச் சுட்டாலும் என் கணக்கில் பூஜ்யம்தான். வாவ்ராவுக்கு நான்காவது பட்டம்.

"பிரிவு மாறும்னு அந்த ஆளு சொல்லலையா?"

ஆர்லன் வருடத்துக்கு இரண்டு தடவை தகர டப்பாவைச் சுடுகிறவன். போட்டி விதி எதுவும் தெரியாது. "கேட்டேனே. 'ஒரு வித்தியாசமும் இருக்காது'ன்னான்" என்றான். சிரிப்பு மெல்ல வடிந்தது. "திரும்ப மாத்திடலாமா?"

"செதுக்கின இரும்பை எப்படி ஒட்டுவ, பசை போட்டா?"

அன்றைக்கு இரவுச் சாப்பாடு அவரவர் தட்டு, அவரவர் வாய்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் ஆர்லனின் துப்பாக்கியை எடுத்து மேஜையில் வைத்தேன். என்னுடையதும் அவனுடையதும் ஒரே ரகம். இரண்டையும் ஒரே நாளில்தான் வாங்கினோம். அவனுடையதில் இரும்புக் குறிகள் இருந்தன. ஆனால் பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என்று மூன்று வெள்ளைப் பொட்டு. அவசரத்தில் எது எது என்று கண் தடுமாறும். குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, கறுப்பு மார்க்கரால் பின்பொட்டு இரண்டையும் அழித்தேன். முன்குறிமேல் என் நெயில் பாலிஷை வைத்தேன். பளீரென்ற ஆரஞ்சு. தங்கை மகள் கல்யாணத்துக்கு வாங்கியது.

ஆர்லன் ஓடி வந்தான். "என்ன பண்ற? என் துப்பாக்கியில நெயில் பாலிஷா?"

"ஆமா."

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

நான் தூரிகையைப் பாட்டிலுக்குள் விட்டு, மூடியைத் திருகி, அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் போய் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினான்.

அன்று மாலையும் மறுநாள் மாலையும் வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டைச் சுட்டேன். அவன் துப்பாக்கியின் விசை என்னுடையதைவிடக் கனம். இழுக்கும்போது நுனி தாழ்ந்து, குண்டு கீழே போயிற்று. ஆனால் ஆரஞ்சுப் பொட்டு நான் வைத்த இடத்தில் நின்றது.

சனிக்கிழமை காலை பெயர் பதியும் மேஜையருகே வாவ்ரா காபியோடு நின்றிருந்தார்.

"என்ன லவோன், வழி தெரியாம இங்க வந்துட்டியா? புள்ளிக்காரங்க வரிசை அங்க இருக்கு."

"நான் இரும்புதான் வாவ்ரா."

என் இடுப்பிலிருந்த திறந்த உறையைப் பார்த்தார். கண்ணாடி இல்லை. முகத்திலிருந்த தேன் கசந்துவிட்டது. பிறகு ஆரஞ்சைப் பார்த்தார். "ஏய் ஓரின், இங்க வா. குறியில சாயம் பூசியிருக்கா. இது செல்லுமா?"

ஓரின்தான் போட்டியை நடத்துகிறவர். நெருப்புப் பிடித்தாலும் நடந்தே வருகிற மனிதர். வந்து குனிந்து பார்த்தார். "சாயம் பூசலாம்னு விதியிலயே இருக்கு. நல்ல நிறம். என் வீட்டுக்காரியும் இதேதான் போடுவா" என்றார்.

ஆறு கட்டத்தில் முதல் கட்டத்திலேயே சொதப்பினேன். விசையின் கனம் கையில் பழகவில்லை. இரண்டு குண்டு இலக்கு அட்டைக்குக் கீழே மண்ணில் போயின. பின்னாலிருந்து வாவ்ராவின் குரல் கேட்டது: "அவளுக்கு அந்தப் புள்ளியே தேவலாம்னு நான் அப்பவே சொன்னேன்."

இதை என்னிடம் சொல்லவில்லை, ஆர்லனிடம் சொன்னார். நான் வீட்டில் இல்லாத பதினோரு நாளில் என் கண்ணைப் பற்றி ஊரில் இத்தனை பேர் பேசியிருக்கிறார்கள். என்னிடம் ஒருத்தராவது கேட்டார்களா? கண் என்னுடையது, துப்பாக்கி என்னுடையது, ஒன்பது வருடம் மழையிலும் வெயிலிலும் நின்றவை என் கால்கள். கோபம் கோபமாக வந்தது. கோபத்தோடு சுட முடியாது. அதனால் தண்ணீர் குடித்து, பத்து வரை எண்ணி, மீதி ஐந்து கட்டத்தையும் அந்த ஆரஞ்சுப் பொட்டை மட்டும் பார்த்துச் சுட்டேன்.

பிறகு எல்லோரும் கிளப் கொட்டகைக்குள் போனோம். சில்லி என்கிற இறைச்சி-பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலும் தட்டில் வந்தன. ஓரின் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். அன்றைய போட்டியில் வாவ்ரா என்னைவிட எட்டுப் புள்ளி அதிகம். வருடக் கணக்கில் நான் மூன்று புள்ளி முன்னால். பட்டம் எனக்கு.

கைதட்டினார்கள். ஓரின் பெட்டிக்குள்ளிருந்து கேடயத்தை எடுத்தார். பார்த்தார். மெல்ல மறுபடி பெட்டிக்குள் இறக்கினார்.

"என்ன ஓரின்?"

நானே போய் எடுத்தேன். பித்தளைத் தகட்டில் இரும்புக் குறிப் பிரிவு, முதலிடம் என்று பொறித்திருந்தது. அதன் கீழே அழகான எழுத்தில் க்ளீட் வாவ்ரா.

கிளப்புக்குக் கேடயம் செய்து வாங்கி வருவது வாவ்ராவின் பொறுப்பு. "கடைக்காரன் முன்னாடியே பேர் கேட்டான், ஒரு வாரத்துக்கு மேல ஆகும்னான். நான் சும்மா ஒரு குத்துமதிப்பா..." என்று இழுத்தார்.

ஓரின் பெட்டியில் கிடந்த பில்லை எடுத்துக் கண்ணுக்கு அருகில் பிடித்தார். "ஆர்டர் கொடுத்தது ஏழாம் தேதி."

ஆர்லன் எழுந்தான். கையில் பாதி கடித்த ரோல். மெதுவாகப் பேசுகிறவன், அன்றைக்கு இன்னும் மெதுவாகப் பேசினான். "க்ளீட், அஞ்சாம் தேதி நான் உனக்குப் போன் பண்ணி, அவ துப்பாக்கிக்கு என்ன வைக்கலாம்னு கேட்டேன். பட்டறையில கொடுத்தது ஒன்பதாம் தேதி. நான் கொடுக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நீ உன் பேரைப் பொறிக்கச் சொல்லிட்ட."

வாவ்ராவின் கழுத்து சிவந்தது. "தகட்டை மாத்தித் தர்றேன். அடுத்த வாரம் அவ பேர் போட்டு..."

"வேணாம்," என்றேன். "இப்படியே எடுத்துக்கறேன்."

திரும்பி வரும்போது ஆர்லன் சாலையைப் பார்த்தபடியே, "உன் துப்பாக்கிக்கு, செதுக்காத புது மேல்பாகம் வாங்கணும். என்ன குறி வெக்கட்டும்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லத் தொடங்கினேன். முன்குறி எத்தனை அகலம், பள்ளம் எத்தனை ஆழம், என்ன நிறம், ஏன் அந்த நிறம். வீடு வந்தும் முடியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டான். கேட்கட்டும்.

கேடயத்தை நான் வேலை பார்க்கும் தானியக் கிடங்கில், லாரிகளை எடை போடும் அறையில் மாட்டியிருக்கிறேன். இப்போது அறுவடைக் காலம், ஒரு நாளைக்கு அறுபது லாரி வருகிறது. சீட்டு வாங்க உள்ளே வருகிற ஒவ்வொருத்தரும் சுவரைப் பார்த்துவிட்டு, "க்ளீட் பேர் இங்க எதுக்கு?" என்று கேட்கிறார்கள். நானும் முதலிலிருந்து சொல்கிறேன். நேற்று வாவ்ராவின் தம்பி சோளம் ஏற்றி வந்தார். அவருக்கும் ஒரு வரி விடாமல் சொன்னேன்.