ஒரு சிட்டிகை குறைவு

அப்பாவின் நாக்கு வேலையை விட்டு அந்தச் சனிக்கிழமையோடு நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அப்பா மட்டும் வேலையை விடவில்லை.

அவருடைய வேலையே நாக்குதான். பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கும் அறைக்குத் தலைவர். அங்கே அவருக்கு ‘நாக்கு சார்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேரேதான் அப்படிக் கூப்பிடுவார்கள். அவர் அதைப் பட்டம் போல ஏற்றுக்கொள்வார். வீட்டிலும் அதே பதவிதான், சம்பளம் இல்லாமல். அம்மா முப்பது வருடமாகச் சமைக்கிறாள். அப்பா முப்பது வருடமாகத் தீர்ப்புச் சொல்கிறார். முதல் வாய் உள்ளே போனதும் கண்ணை மூடுவார். எங்கள் கைகள் தட்டிலேயே நிற்கும். “ஒரு சிட்டிகை குறைவு” என்பார். அல்லது, “ஒரு சிட்டிகை தூக்கல்.” சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். அதுதான் பாராட்டு என்று நாங்களே புரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. போகும்போது அவருடைய ருசியையும் கையோடு கொண்டுபோனது. இந்த மாதிரிக் காய்ச்சலில் பெரும்பாலும் வாசனைதான் போகும், உப்பும் இனிப்பும் நாக்கில் தங்கிவிடும் என்று நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். அப்பாவுக்கு எல்லாமே போயிருந்தது. அவர் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்ல.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாதான் கண்டுபிடித்தாள். ஒரு காலையில் காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். அப்பா ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, “இனிப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார். அம்மா மறுநாள் மறக்காமல், சர்க்கரை போடாமல் கொடுத்தாள். அதற்கு மறுநாள் உப்பைப் போட்டாள்.

“இன்னிக்குப் பரவாயில்ல,” என்றார் அப்பா.

அம்மா சமையலறைக்குள் வந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “பரவாயில்லைன்னு முப்பது வருஷத்துல இப்பதான்டி சொல்றாரு. அதுவும் எதுக்குப் பாரு.”

காப்பியை அவர் தனியாகக் குடிப்பவர். அதனால்தான் மாட்டிக்கொண்டார். மற்ற வேளைகளில் வேறு வழி கண்டுபிடித்திருந்தார். முதல் வாய்க்குப் பிறகு கண்ணை மூடுவதை விட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். யாருடைய புருவமாவது ஏறினால் தூக்கல்; வாய் சும்மா அசைந்தால் குறைவு. என் முகத்தை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்குக் கூச்சம் அதிகம். கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டு என் முகம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஆகிவிட்டது.

கம்பெனியிலும் அதே வித்தைதான். அவரே பெருமையாகச் சொன்னார்: “இப்பல்லாம் பசங்களைத்தான் முதல்ல கடிக்கச் சொல்றேன். நான் பக்கத்துல நின்னு பார்க்கறேன். அவங்களும் வளரணுமில்ல?”

அதுவரை எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்பா ஓய்வு பெறும் வயதை எட்டியிருந்தார். கம்பெனி அவரை விடுவதாக இல்லை. இன்னும் இரண்டு வருடம் இருங்கள் என்று கேட்டது. கைக்குழந்தைகளுக்கு ஒரு பிஸ்கட் புதிதாக வருகிறது. திங்கட்கிழமை நாக்கு சார் அதைச் சாப்பிட்டு ‘சரி’ என்று சொன்னால், செவ்வாய்க்கிழமை முதல் அது ஊரெல்லாம் போகும். உதவியாளர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் உதவியாளர்கள் முகத்தைப் பார்ப்பார். குழந்தைகளின் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

“நான் சொல்லிடட்டுமாம்மா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். நான் சொன்னா குத்தம். நீ சொன்னா அதிகப்பிரசங்கித்தனம். அவர் வாயாலதான் வரணும்.”

“வரலைன்னா?”

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். “திங்கட்கிழமை காலைல நானே கம்பெனிக்குப் போன் பண்ணுவேன். அப்புறம் இந்த வீட்டுல அவர் என்கூடப் பேசினா பேசட்டும், பேசாட்டி போகட்டும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில் சனிக்கிழமை அவர்களுடைய திருமண நாள் வந்தது. அக்காவும் அத்தானும் விருந்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள்.

அத்தான் குளியலறைக் குழாய் விற்கும் கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறார். உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் ‘தரம்’ என்று ஒன்று உண்டு, அது தனக்கு மட்டும் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. அவர் தேர்ந்தெடுத்த உணவகம் ஒரு கட்டடத்தின் உச்சியில் இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை இல்லை. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியுமாம். தனக்குத் தெரியும் என்பதை எங்களுக்குத் தெரிவிக்கவே எங்களை அழைத்துப்போனார்.

உள்ளே விளக்கு இருந்தது, வெளிச்சம் இல்லை. அம்மா நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். “கரண்ட் போயிடுச்சா?” என்று என்னிடம் கேட்டாள்.

“அத்தை, இதுக்குப் பேரு சூழல்,” என்றார் அத்தான்.

அப்பா ஓரத்தில் இருந்த மெழுகுவத்தியை எடுத்து மேசை நடுவில், எங்கள் முகங்களுக்கு நேராக வைத்தார். பணியாளர் வந்து அதை மறுபடி ஓரத்துக்கு நகர்த்தினார். அப்பா மறுபடி நடுவில் வைத்தார்.

“மாமாவுக்கு எல்லாம் துல்லியமா இருக்கணும்,” என்றார் அத்தான்.

அக்கா மேசை பதிவு செய்யும்போதே அப்பாவின் தொழிலைச் சொல்லிவைத்திருந்தாள். அதனால் பணியாளர் ஒவ்வொரு தட்டையும் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அப்பாவின் பக்கத்திலேயே நின்றார். எந்த உணவு வேண்டும் என்று எங்களைக் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. அவர்கள் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும். வீட்டிலும் அப்படித்தான், ஆனால் வீட்டில் தட்டு சின்னது, சாப்பாடு பெரிது.

முதல் தட்டில் பாதிக் காரட் இருந்தது. பக்கத்தில் கொஞ்சம் நுரை.

“இது எங்க செஃப்போட சின்ன வயசு ஞாபகம், மேடம்,” என்றார் பணியாளர் ரகசியம் போல.

அம்மா அந்தக் காரட்டை இரக்கத்தோடு பார்த்தாள். “பாவம், ரொம்பக் கஷ்டப்பட்ட குடும்பம் போல.”

அக்கா மேசைக்கடியில் அம்மாவின் காலை மிதிக்கப் பார்த்து என் காலை மிதித்தாள்.

அடுத்து ஒரு கருங்கல்லின் மேல் விரல் அகல மீன் வந்தது. அத்தான் வாயில் போட்டுக்கொண்டு மேலே பார்த்தார். “அந்தப் புகை வாசம் இருக்கே! காட்டுக்குள்ள நடக்கற மாதிரி இருக்கு, மாமா.”

அப்பா மெழுகுவத்தி வெளிச்சத்தில் அத்தானின் முகத்தைப் படித்தார். அதில் பரவசம் சொட்டியது.

“காடுதான்,” என்றார். “ஆனா மாப்பிள்ளை, மழை பெஞ்ச காடு.”

“அடடா!” அத்தான் பணியாளரைப் பார்த்தார். “கேட்டீங்களா? மழை பெஞ்ச காடு!” பணியாளர் தலை குனிந்தார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பத்தொரு நாளில் அவருக்கு இவ்வளவு சுலபமான வேளை வாய்த்திருக்காது. சுவைக்கத் தெரியாத ஒருவரும் சுவைக்க முடியாத ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சான்றிதழ் கொடுத்துக்கொண்டார்கள்.

பிறகு சூப் வந்தது. அதுதான் அந்த உணவகத்தின் பெருமை என்று சொன்னார்கள். காலிக் கிண்ணங்களை வைத்து, எங்கள் கண்ணெதிரில் கூஜாவிலிருந்து ஊற்றினார்கள். வெள்ளையாக, வழவழப்பாக, காளான் வாசனையோடு இருந்தது.

நான் ஒரு கரண்டி குடித்தேன். உப்பு. நீச்சல் தெரியாமல் கடலில் விழுந்தவர்களுக்குத்தான் அவ்வளவு உப்பு வாய்க்குள் போகும். என் முகம் வழக்கம்போல் தட்டாகவே இருந்தது.

அக்காவின் கண்கள் ஒரு கணம் விரிந்தன. உடனே சுற்றும்முற்றும் பார்த்தாள். மற்ற மேசைகளில் எல்லோரும் அதே சூப்பை மெதுவாக, மரியாதையாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தன் முகத்தைச் சரிசெய்துகொண்டாள். “ரொம்ப... ஆழமா இருக்கு,” என்றாள்.

அத்தானின் தொண்டைக் குமிழ் மேலே போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது. “தைரியமான சூப்,” என்றார். கண்ணில் நீர் கோத்திருந்தது. அதையும் ரசனைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அப்பா முகங்களைப் பார்த்தார். அத்தான் உருகிக்கொண்டிருந்தார். அக்கா சிரித்தாள். நான் தட்டு. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, லேசாகப் புன்னகை செய்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அம்மாவின் முகத்தில் புருவம் ஏறுகிறதா என்று மட்டும்தான் அப்பா இத்தனை நாள் பார்த்திருந்தார். அந்தப் புன்னகையைப் படிக்க அவருக்குப் பழக்கமில்லை.

அவர் குடிக்க ஆரம்பித்தார். நிதானமாக, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். கடைசிக் கரண்டிக்குக் கிண்ணத்தைச் சாய்த்துக்கொண்டார். வாயைத் துடைத்து, ரொம்ப நாளைக்குப் பிறகு, கண்ணை மூடினார்.

“நல்ல கைப்பக்குவம்,” என்றார் பணியாளரிடம். “ஒரே ஒரு விஷயம். உப்பு ஒரு சிட்டிகை குறைவு.”

அத்தானுக்குப் புரையேறியது.

பணியாளர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது செஃப்பும் கூட வந்தார். இளைஞர். காரட் ஞாபகத்தின் சொந்தக்காரர். கையில் ஒரு சின்ன உப்புக் கிண்ணம்.

“சார், உப்பு குறைவுன்னு என்கிட்ட இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. கத்துக்கலாம்னு வந்தேன்.” ஒரு புதுக் கரண்டி எடுத்து, “மன்னிக்கணும் மேடம்” என்று அக்காவின் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் குடித்தார்.

அன்று மாலை அந்த அறையில் பொய் சொல்லாத முதல் முகத்தைப் பார்த்தேன். அவர் அத்தானின் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

“ரெண்டு பேர் உப்புப் போட்டிருக்கோம்,” என்றார் பணியாளரிடம். “இது எத்தனை மேசைக்குப் போச்சு?”

“எல்லா மேசைக்கும், செஃப்.”

“ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லலையா?”

“பாராட்டினாங்க, செஃப். ஜன்னலோர மேசைல செய்முறை கேட்டாங்க.”

செஃப்பின் பார்வை அப்பாவின் கிண்ணத்துக்கு வந்தது. கழுவத் தேவையில்லாத அளவுக்கு அது சுத்தமாக இருந்தது.

“சார், இதை முழுசாவா குடிச்சீங்க? எப்படி சார்?”

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது.

“மாமா உங்களைச் சோதிச்சார்,” என்றார் அத்தான் சட்டென்று. “தொழில்காரங்க அப்படித்தான். குறைவுன்னு சொன்னா நீங்க ஓடி வர்றீங்களா இல்லையான்னு பார்க்கறது.”

“அப்பாவுக்கு எப்பவும் தமாஷ்,” என்றாள் அக்கா. அப்பா சொன்ன தமாஷ் ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

செஃப்பின் முகம் தெளிந்தது. “அதானே பார்த்தேன்! ஒரு நிமிஷம் பயந்துட்டேன் சார். இந்த ரூம்லயே உண்மையான நாக்கு உங்களுக்குத்தான்.”

அப்பா மெல்லப் புன்னகை செய்யத் தொடங்கினார். அக்காவும் அத்தானும் தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவைத்துவிட்டார்கள். அவர் எழுந்து நடந்தால் போதும், அது நேரே திங்கட்கிழமையில் கொண்டுபோய் விட்டுவிடும்.

அம்மா தன் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“ஏங்க,” என்றாள் அன்பாக, “இன்னும் கொஞ்சம் குடிக்கறீங்களா?”

அப்பாவின் புன்னகை பாதியில் நின்றது. அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பாஷை தெரியாத ஊரில் பலகையைப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

நான் கரண்டியை எடுத்தேன். நிறைய மொண்டு வாய்க்குள் விட்டுக்கொண்டேன். இந்தத் தடவை என் முகத்தை அதன் போக்கில் விட்டேன். கண் இடுங்கியது, உதடு கோணியது, தோள் காதுவரை ஏறியது. ஜன்னலோர மேசைக்காரர்களெல்லாம் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் முழுங்கும்வரை முகத்தை மறைக்கவில்லை.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மாவின் கிண்ணத்தில் கரண்டியை விட்டு, நாக்கின் நுனியில் ஒரு சொட்டு வைத்தார். கண்ணை மூடினார். எங்கள் கைகள் பழக்கத்தில் அப்படியே நின்றன.

கண்ணைத் திறந்தபோது அவர் யாருடைய முகத்தையும் தேடவில்லை.

“இல்ல தம்பி,” என்றார் செஃப்பிடம். “சோதிக்கல.”

“மாமா, விடுங்களேன்,” என்றார் அத்தான்.

“நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை.” அப்பா கரண்டியை வைத்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். “அந்தக் காய்ச்சல் வந்ததுல இருந்து எனக்கு உப்பும் தெரியல, இனிப்பும் தெரியல. வாயில எதைப் போட்டாலும் ஒண்ணுமே தெரியல.”