சுந்தரி கடை டீக்குப் பரிசோதனை

என் கை நடுங்க ஆரம்பித்து மூன்று மாதம். நான் ஷேவிங் மிஷின்காரன். பதனிட்ட தோலை ஒரே கனத்துக்குச் சீவுகிற மிஷின் அது. நடுங்கும் கையை அதன் பக்கத்தில் விடமாட்டார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தினி டீ குடிப்பீங்க, தானியேலண்ணா?" என்று கேட்டார் சேஃப்டி ஆபீசர் ஹுமேரா மேடம்.

"பன்னெண்டு ஆவும்."

"அதான். கஃபீன் ஜாஸ்தியானா கை நடுங்கும். கம்மி பண்ணுங்க, சரியாய்டும்."

எனக்கு உயிர் வந்தது. மேனேஜர் இஷ்தியாக் சாபுக்கோ அத்தாட்சி வேண்டும். டீதான் காரணமென்றால் மிஷின் எனக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு. மேடம் விரல் நீளக் காகிதம் ஒன்று வரவழைத்தார். டீயில் முக்கினால் கோடு விழும்; கஃபீன் கூடக்கூடக் கோடு கருக்கும்.

டீக்கடை எங்கள் டேனரி கேட்டோரம், சுந்தரியுடையது. நடுக்கத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "நாளைக்கு உன் டீய டெஸ்ட் பண்ண வர்றாங்க, எப்பவும் போல போடு" என்று மட்டும் சொன்னேன்.

பதினாறு வருஷமாக எங்கள் கழிவுநீர்க் கால்வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள். டெஸ்டுக்கு ஆள் வருகிற காலையில் அதில் இரண்டு லாரி நல்ல தண்ணீர் இறங்கும். வந்தவர்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள்.

மறுநாள் மேடம் காகிதத்தை முக்கினார். சாப் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். கோடு விழுந்தது என்றால் விழுந்தது, அத்தனை வெளுப்பு.

"இன்னா மேடம், கைக்கொழந்தைக்கே குடுக்கலாம் போலயே!" என்றார் சாப்.

சுந்தரி என் காதருகே வந்தாள். "பயந்துட்டியாண்ணா? ஒரு டம்ளர் டிகாஷனுக்கு நாலு டம்ளர் தண்ணி வுட்டுட்டேன். எவன் வந்து நம்ம கடைய மூடுவான்?"

கடை நிற்பது கம்பெனி இடத்தில். தெரிந்தால் அன்றைக்கே தூக்கிவிடுவார்கள். கால்வாயில் ஊற்றினால் நிர்வாகம், கிளாசில் ஊற்றினால் மோசடி. அந்தக் கிளாசை நானே கழுவி வைத்தேன்.

மிஷினுக்கு ஹெல்பர் ராஜேஷ் போனான். சாப் நல்ல மனுஷர், என்னை வெளியே அனுப்பவில்லை. இவ்வளவு ஆபத்தில்லாத டீயை இனிமேல் கம்பெனியே எல்லாருக்கும் கொடுக்கும், கேனில் நான் எடுத்து வரவேண்டும் என்றார். ரிப்போர்ட்டில் இருக்கிற அதே டீதான் வரவேண்டும் என்று உத்தரவு வேறு.

"இது டீயா, கிளாஸ் கழுவுன தண்ணியா?" என்று எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள். எனக்கும் குடிக்க அதுதான்.

மூன்றாவது வாரம் நடுக்கம் நின்றுவிட்டது. ஓடிப்போய் சாப் முன்னால் இரண்டு கையையும் நீட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா தானியேலு? மிஷின்லருந்து எடுத்ததும் எப்டி சரியாய்டுச்சி!"