இரண்டாம் நம்பர் மவுஸ்

என் ஆள்காட்டி விரலுக்குத் தனிச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று எங்கள் கம்பெனியில் ஒரு கிண்டல் உண்டு. இதில் கிண்டல் எங்கே இருக்கிறது, நியாயம்தானே என்பேன் நான். கேம் விளையாடுகிறவர்களுக்கான மவுஸ் செய்கிற கம்பெனி. என் கையெழுத்து இல்லாமல் ஒரு மவுஸ்கூடக் கடைக்குப் போகாது. கிளிக் எப்படி விழுகிறது, சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்கிறதா, உள்ளங்கை வியர்த்தால் பிடி வழுக்குகிறதா, சுடுகிற விளையாட்டில் எதிரி தலையை நீட்டிய கணத்தில் நினைத்ததும் குண்டு பாய்கிறதா, எல்லாவற்றுக்கும் நான் சொல்வதுதான் முடிவு. அதனால் எனக்கு ஜட்ஜம்மா என்று பெயர்.

பெயர் வைத்தது என் அண்ணி. அண்ணனும் அண்ணியும் நானும் ஒரே வீடு. அண்ணிக்கும் எனக்கும் ஒரே கம்பெனி, ஒரே பஸ். அவர் கீழ்த்தளத்தில் மவுஸைப் பொருத்தும் வரிசைக்கு லைன் லீடர். பதினோரு வருடம் ஸ்க்ரூடிரைவர் பிடித்த பிறகு, போன வருடம்தான் அந்த இடம் கிடைத்தது. அவருக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள்.

செவ்வாய்க்கிழமை புது மாடலின் முதல் லாட் தயாரானது. மூவாயிரம் மவுஸ். வழக்கம்போல் பத்தை உருவி எடுத்து என் அறைக்கு அனுப்பினார்கள். முதல் மவுஸைத் தொட்டதுமே எனக்கு முகம் சுளித்தது. கிளிக் கட்டையாக விழுந்தது. அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டை மேசை விரிப்போடு மல்லுக்கு நின்றது. பத்தும் அப்படித்தான். என் மேசையில் இருந்த மாதிரி மவுஸோ வெண்ணெய்.

அந்த மாதிரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதத்துக்கு முன்பு, மாடல் முடிவான அன்று, மூன்று மவுஸ் செய்து மூன்றிலும் நான் கையெழுத்துப் போட்டேன். இனி வருகிற லாட் எல்லாம் இவை மாதிரியே இருக்க வேண்டும் என்று அர்த்தம். இரண்டாம் நம்பரையும் மூன்றாம் நம்பரையும் கவரில் போட்டு ஒட்டி அலமாரிக்குள் வைத்தோம். ஒன்றாம் நம்பர் என்னிடம். கை அதன் பக்குவத்தை மறந்துவிடக் கூடாது என்று தினமும் மூன்று மணி நேரம் அதில்தான் விளையாடுவேன். அவ்வளவு சிரத்தை எனக்கு.

கிளிக் அழுத்தத்தை அளக்கும் மெஷின் லாட்டைப் பாஸ் செய்திருந்தது. ஐம்பத்தைந்து கிராமிலிருந்து அறுபத்தைந்து கிராம் வரை இருக்கலாம்; எல்லாமே அறுபத்து மூன்றையொட்டி இருந்தன. "மெஷினுக்கு விரல் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, நிராகரிப்பு என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், பொருத்துவதில் கோளாறு என்று போட்டேன். கையெழுத்தும் கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

மேனேஜர் அண்ணியைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் கோளாறு எங்கே என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் லைனை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் பேக்கிங்குக்குப் போக வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து பஸ்ஸில் அண்ணி வேறு சீட். வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான். "நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தா எனக்கு டிவி நல்லாக் கேக்குது. ஆனா பயமா இருக்கு" என்றான் அண்ணன்.

எனக்குப் பாவமாக இல்லாமலா இருந்தது? இருந்தது. அதற்காக, அண்ணி லைன் என்று கட்டைக் கிளிக்கை வெண்ணெய் என்று எழுத முடியுமா? நாளைக்கு எவனோ காசு கொடுத்து வாங்கி, தோற்றுப்போய், என்னைத்தானே திட்டுவான்?

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அண்ணி என் அறைக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. விரல் நுனிகளில் பிளாஸ்டர்.

"நாப்பது மவுஸைப் பிரிச்சுப் பாத்துட்டேன். ஸ்விட்ச் சரி, ஸ்க்ரூ சரி, பட்டை சரி. எனக்கு ஒண்ணுமே தெரியல. உன் கைதான் கண்டுபிடிக்கணும்."

"அதுக்கென்ன அண்ணி, கண்டுபிடிச்சுடலாம்."

கண்ணால் பார்க்காமல் சோதிக்க என்னிடம் ஓர் அட்டைப் பெட்டி இருக்கிறது. கை நுழைய முன்னால் ஓட்டை, வயரை வெளியே விடப் பின்னால் ஓட்டை. அண்ணி மவுஸை மாற்றி மாற்றி வைக்க, நான் கையை விட்டுத் திரையில் தோன்றும் வட்டங்களைச் சுட்டேன்.

"இது லாட்டு. இதுவும் லாட்டு. ஆ, இது என் மாதிரி. இது லாட்டு."

பத்துக்குப் பத்து. ஒன்றுகூடத் தவறவில்லை. "இந்தக் கையை இன்ஷூர் பண்ணணும் அண்ணி" என்றேன். அண்ணி லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

"கடைசியா ஒண்ணு" என்று இன்னொன்றை வைத்தார்.

நாலு தடவை சுட்டேன். கையை உதறிக்கொண்டு வெளியே எடுத்தேன். "அட கஷ்டகாலமே! உங்க லாட்டுதான். இருக்கறதுலயே மோசம் இதுதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பத்துக்குப் பத்து சொன்ன கை அண்ணி. இது லாட்டு."

அண்ணி பெட்டியை மெதுவாகத் தூக்கினார். உள்ளே இருந்த மவுஸின் முதுகில் இரண்டு என்று நம்பர். பக்கத்தில் என் கையெழுத்து.

"நல்ல மவுஸைப் பிரிச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும்னு அலமாரியில இருந்து வாங்கிட்டு வந்தேன். ஒட்டினது ஒட்டினபடி இருந்துது. பிரிக்கறதுக்கு முன்னாடி உன் கையில ஒருதரம் காட்டிடலாம்னுதான் வெச்சேன்."

யாரோ மாற்றிவிட்டார்கள் என்று கத்தினேன். அலமாரிக்கு நானே ஓடினேன். மூன்றாம் நம்பர் கவரை நானே கிழித்து, நானே வயரைச் செருகி, நானே சுட்டேன். அதே கட்டைக் கிளிக். அதே மல்லுக்கட்டு.

அப்புறம்தான் என் ஒன்றாம் நம்பரைக் கவிழ்த்துப் பார்த்தேன். பட்டைகளின் ஓரமெல்லாம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. இடது பொத்தானில் என் விரல் படுகிற இடம் மழுங்கியிருந்தது. அழுத்தம் அளக்கும் மெஷினில் வைத்தேன். ஐம்பத்தாறு. மறக்கக் கூடாது மறக்கக் கூடாது என்று நான்கு மாதம் விளையாடி, அளவுகோலையே நான் தேய்த்திருக்கிறேன். லாட்டில் ஒரு கோளாறும் இல்லை. புது மவுஸ் புது மவுஸாக இருந்தது, அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தபோது அண்ணி அறையில் இல்லை.

மணி மூன்றரை. நேரே மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு உங்க கையெழுத்துக்கு என்னம்மா மரியாதை? அறையில ஈரப்பதம் ஜாஸ்தி, அதனால சோதனை சரியா வரலைன்னு எழுதிடலாம். லாட்டும் போயிடும், உங்க அண்ணியும் லைன்லயே இருப்பாங்க. யாருக்கும் நஷ்டமில்ல."

ஒரு நிமிடம் சபலம் தட்டத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"ஈரப்பதம் வந்து கையெழுத்துப் போடலை சார். நான்தான் போட்டேன்."

நிராகரிப்பை அடித்துவிட்டு ஏற்பு என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், பரிசோதகரின் தவறு, லைனில் குறை இல்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். இனிமேல் ஒவ்வொரு லாட்டையும் மூன்று பேர் பார்க்க வேண்டும் என்றார் மேனேஜர். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

தாளை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. தப்பை ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்க, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "தப்பு என்னோடது. உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. எழுதிக் கொடுத்துட்டேன்."

அண்ணி தாளை வாங்கி முழுசாகப் படித்தார். திருப்பிக் கொடுத்தார். அப்புறம் மேல்கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த இன்னொரு தாளை எடுத்து என் கையில் வைத்தார்.

அவர் கையெழுத்து. நேற்றைய தேதி. தன் வேலையில் கவனம் குறைந்துவிட்டது, லைனைப் பார்த்துக்கொள்ளும் தகுதி தனக்கு இல்லை, தன்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுங்கள் என்று மேனேஜருக்கு எழுதியிருந்தார்.

"மேனேஜர் சந்தேகப்பட்டாரு, அது பரவாயில்ல. இந்தப் பொண்ணுங்களைக் கூப்பிட்டு வெச்சுத் திட்டினேன், அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா என்னையே நான் சந்தேகப்பட்டேன்டி. உன் விரல் ஒரு வார்த்தை சொல்லுச்சு, என் பதினோரு வருஷத்தை நானே நம்பல. அதுதான் ஆற மாட்டேங்குது."

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "மன்னிச்சுடுங்க அண்ணி" என்று எப்படியோ சொல்லிவிட்டு, அந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொடு இப்படி. நான் எழுதினது. நானே கிழிக்கறேன்."

பிளாஸ்டர் ஒட்டிய விரல்களால் நிதானமாக நாலாய், எட்டாய்க் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு வரிசைப் பக்கம் திரும்பினார். குரல் பழைய குரல்.

"என்னங்கடி வேடிக்கை? மூவாயிரமும் நம்ம கை பட்டது. ஒண்ணுலயும் குறையில்ல. வண்டியில ஏத்துங்க."

என்னையும் பார்த்தார். "ஜட்ஜம்மா, நீ என்ன நிக்கற? நீயும் தூக்கு."

நான் இரண்டு பெட்டிகளாகத் தூக்கிக்கொண்டேன்.