எலாஸ்டின் பற்றி ஒரு பக்கம்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. மருதமுனையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டையும் அறிந்த றாஸிக் சேர், பாடசாலை விஞ்ஞான மலருக்கு 'காயம் ஆறுவதில் எலாஸ்டின் புரதத்தின் பங்கு' என்று ஒரு பக்கம் கேட்டார். ஒரே பக்கம், படம் வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள். ஓம் என்றேன். அது போன மாதத்து வெள்ளிக்கிழமை.

2

முதல் தொடக்கம்: "புறங்கைத் தோலைக் கிள்ளி இழுத்து விடுங்கள். அது திரும்பிப் போய்ப் படிந்துகொள்கிறதல்லவா? அந்த வேலையைச் செய்வது எலாஸ்டின்."

மோசமில்லை. இருபது வருடமாக வகுப்பில் இதைச் சொல்லிப் பிள்ளைகளைக் கிள்ள வைத்திருக்கிறேன்.* தொடர்ந்தேன்: "காயம் ஆறும்போது உடம்பு கொலாஜன் என்ற இன்னொரு புரதத்தை அள்ளிக் கொட்டும், எலாஸ்டினை மட்டும் கஞ்சத்தனமாகவே உண்டாக்கும். நமக்கு வேண்டிய எலாஸ்டினில் பெரும்பகுதி கருவிலும் சிறுவயதிலுமே செய்து முடிந்துவிடுகிறது. ஆகவே வடு மூடும், ஆனால் முன்னைய தோல் போல இழுபடாது. உதாரணமாக, என் தங்கச்சி சுல்பிகாவின் முழங்கை"

வாசகரே, அந்த வசனத்துக்கு முற்றுப்புள்ளி இல்லை. அங்கேயே நின்றுவிட்டேன்.

* பக்கத்திலிருப்பவரின் கையை அல்ல, சொந்தக் கையை. இதை இப்போது சேர்த்தே சொல்கிறேன்.

3

ஆக, கதை. சுல்பிகா சவளக்கடை ஊர்ப் பாடசாலையில் ஆசிரியை. ஸ்கூட்டியில் போய் வருபவள். அவளுடைய கணவர் கச்சிமுகம்மது மாரடைப்பில் மௌத்தானார். சுல்பிகா இத்தா இருந்தாள்: நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. [இங்கே அவள் அழ வேண்டும். அழவில்லை, அலுமாரியை ஒழுங்குபடுத்தினாள். எழுதினால் நம்பமாட்டீர்கள்.] இருபத்தோராம் நாள், தொதல் என்ற இனிப்புக்குக் காய்ச்சிய பாகு வலது முழங்கையின் உள்மடிப்பில் கொட்டியது. பாகு தண்ணீரைப் போல வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுடும். ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இத்தாவில் போகலாமா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று கிழமையில் காயம் மூடியது. அங்கே உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுக்கும் நிரோசன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சேர், காயம் ஆறினது பெரிசில்ல. வடு இனித்தான் சுருங்கும். கிழமைக்கு ரெண்டு தரம் கொண்டு வாங்க, இழுத்து இழுத்துப் பழக்குவம். இந்த மூணு மாசத்த விட்டா பிறகு வெட்டித்தான் நிமித்தணும்."

(கட்டுரையில் சேர்க்க: எலாஸ்டின் வராத இடத்தில் அதன் வேலையைக் கொஞ்சமாவது மனிதர்தான் செய்ய வேண்டும்.)

இத்தா முடிய இன்னும் எண்பத்தாறு நாள் இருந்தது.

4

காயம்தான் ஆறிவிட்டதே, வெறும் அப்பியாசத்துக்காக இத்தாவில் இருக்கிறவள் வெளியே போவதா என்று உம்மா தயங்கினார். மௌலவியிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. நான் கேட்கிறேன் என்றேன்.

கதைசொல்லியின் மேல் உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டிய இடம் இது. ஷரிபுதீன் மௌலவியின் வீடு எங்கள் ஒழுங்கையின் முடிவில்தான். நான் போகவில்லை. முந்தின வருடம், தன் பயான் பிரசங்கத்துக்குத் தானே தூங்கி விழும் ஒரு மௌலவியை வைத்து ஒரு கதை எழுதியிருந்தேன். கற்பனைதான். அது யாரென்று ஊர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டது. அதிலிருந்து அவர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு மற்ற ஒழுங்கையால் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சுல்பிகா கேட்டாள். "மௌலவிட்ட கேட்டீங்களா காக்கா?"

"ஓம். பொறுக்கச் சொன்னார். இத்தா முடியட்டுமாம்."

நான் புனைந்தவற்றில் எல்லோரும் மறுபேச்சில்லாமல் நம்பிய ஒரே வசனம் இதுதான். நாளைக்கே உண்மையாகப் போய்க் கேட்டுத் திருத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது இத்தா முடிந்த பிறகும் நின்றது.

5

"இத்தா முடிந்த அன்று காலை வெயில்"

வேண்டாம், வெயில் எதற்கு? சுல்பிகா ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தாள். இடது கை கைப்பிடிக்குப் போனது. வலது கை நெஞ்சுக்கு முன்னால் மடங்கியபடியே நின்றது. இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, "இவ்வளவுதான் வருது" என்று இறங்கினாள். பக்கத்தில் நின்ற நான் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இப்போது அவளைப் பாடசாலைக்கு யாராவது ஏற்றிப் போக வேண்டும். கரும்பலகையின் மேல்வரிக்கு வலது கை எட்டாது. இடது கையால் எழுதப் பழகுகிறாள்.

அதற்குப் பிறகுதான் மௌலவியிடம் போனேன். தேத்தண்ணி தந்தார். யாரோ ஒருவருக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"மருந்துக்குப் போக இத்தா தடையில்லையே. இதுக்கு என்னத்துக்குக் கேட்டுக்கிட்டு நிக்கிற?" என்றார்.

பிறகு, என்னுடைய அந்தக் கதையை வாசித்து நன்றாகச் சிரித்ததாகவும் சொன்னார்.

6

முடிவுகளுக்கு வருவோம், வாசகரே.

அ. வடுவை வெட்டித் தொடைத் தோலை ஒட்டுகிறார்கள். ஆறு மாதப் பயிற்சியில் கை நிமிர்கிறது. கதைசொல்லி ஒன்றும் சொல்லாமல் தப்பிவிடுகிறான்.

ஆ. கதைசொல்லி உண்மையைச் சொல்கிறான். தங்கச்சி அழுது மன்னிக்கிறாள். [நான்கு தரம் எழுதினேன். நான்கிலும் நான் சொல்லிக் கொடுத்ததையே பேசுகிறாள்.]

'அ' நடக்காது. சத்திரசிகிச்சைக்கு அவள் மாட்டேன் என்றுவிட்டாள். போன கிழமை உம்மா கெஞ்சியபோது சொன்னாள்: "மௌலவி பொறுக்கச் சொன்னார், பொறுத்தன். இதுதான் அல்லாஹ்ட நாட்டம் எண்டா இனி என்னத்துக்கு வெட்டிக் கொத்தணும்?"

என் புளுகின் மேல் அவள் தன் ஈமானை, தன் இறைநம்பிக்கையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

7

றாஸிக் சேருக்கு ஒளித்தொகுப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தப் பக்கங்கள் மலருக்குப் போகா.

சுல்பிகா, இதை முதலில் வாசிப்பவள் நீ. உனக்குத் தெரிந்ததையே உனக்கு விளக்கி ஆறு பகுதி இழுத்திருக்கிறேன். நேரே சொல்லத் தைரியமில்லை. மௌலவி பொறுக்கச் சொல்லவில்லை. அந்த எண்பத்தாறு நாளில் நான் அவரிடம் போகவே இல்லை. அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லி என்னைத் தப்ப விடாதே. உன் கையை மடக்கி வைத்தவன் நான்.

செவ்வாய்க்கிழமைக்குள் நிரோசனுக்குக் கடைசிப் பதில் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் போவதா, விடுவதா, இனி என்னோடு கதைப்பதா, கதைக்காமல் விடுவதா என்பதை நான் எழுத மாட்டேன். உனக்கான பதிலை ஒருதரம் நான் எழுதியதே போதும்.